மாரடைப்புக்குப் பின் மீண்டும் வலை இழுக்கலாமா?

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் கரையிலுள்ள குப்பங்களில் வாழும் மீனவர்க்கு உடலுழைப்பே முதல். ஆழம் குறைந்த நீரில் கோல் ஊன்றிப் படகைத் தள்ளவேண்டும். நனைந்து கனத்த வலையை இழுக்கவேண்டும். மீன்பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாடும் அங்கு உண்டு.

இவர்களில் ஒருவர் மாரடைப்பு கண்டு பிழைத்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “இனி அசையவே கூடாது” என்கிறார்கள் வீட்டார். “என் முறை வந்ததும் போய்விடுவேன்” என்கிறார் அவர். எது சரி? இரண்டுமே தவறு. இதை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மரம் அறுத்த நோயாளி

உழைக்கும்போது தோன்றி, ஓய்ந்தால் நீங்கும் நெஞ்சுவலியை 1772-இல் தெளிவாக விவரித்தவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். இவ்வலியுடைய ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமடைந்தார் என்ற செய்தி, ஹெபர்டன் மறைந்தபின் 1802-இல் வெளியான அவர் நூலில் உள்ளது. அதை அன்று எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை.

ஆறு வாரப் படுக்கை

இதயத் தமனி அடைபட்டாலும் மனிதர் உயிர் பிழைக்கக்கூடும் என்று 1912-இல் சிக்காகோவின் ஜேம்ஸ் ஹெரிக் எடுத்துரைத்தார். பிழைத்தவரை எப்படிப் பேணுவது? அசையாமல் படுக்க வைப்பதே வழி என்றனர். அதற்குக் காரணமும் இருந்தது. இறந்த இதயத் தசை உறுதியான வடுவாக மாற ஏறத்தாழ ஆறு வாரமாகும் என்று மாலரி, பால் டட்லி ஒயிட் முதலியோர் 1939-இல் காட்டினர். அதற்குள் அசைந்தால் இதயச் சுவர் கிழியும் என்று அஞ்சினர். எனவே உணவைக்கூட ஊட்டிவிட்டனர்.

ஆனால் படுக்கையும் தீங்கற்றதல்ல. அசையாத காலில் குருதி உறைந்து, அக்கட்டி நுரையீரலை அடைத்துப் பலர் இறந்தனர்.

நாற்காலியும் மாடிப் பேருந்தும்

1952-இல் பாஸ்டனின் சாமுவேல் லெவைனும் பெர்னார்டு லவுனும் ஒரு துணிகரமான முடிவை வெளியிட்டனர். 81 நோயாளிகளைத் தொடக்கத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்தனர். அஞ்சியபடி கேடு விளையவில்லை. லண்டன் பேருந்துகளை ஆராய்ந்த ஜெரி மாரிஸின் முடிவு மறு ஆண்டு வெளியாயிற்று. நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநரைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநருக்கு மாரடைப்பு குறைவு எனக் கண்டார். 1955-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைப் பேணிய ஒயிட் உடலியக்கத்தை வற்புறுத்தினார். ஐசனோவர் மீண்டும் கோல்ஃப் ஆடினார். 1956 தேர்தலில் வென்றார்.

1968-இல் டல்லஸ் ஆய்வு முடிவு வெளியாயிற்று. நலமான ஐந்து இளைஞர் மூன்று வாரம் படுத்துக் கிடந்ததிலேயே, கடும் உழைப்பின்போது உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! நோயுற்றவர் நிலை என்னவாகும், எண்ணிப் பாருங்கள்.

அளவே மருந்து

உடற்பயிற்சி வடுவை அகற்றுவதில்லை. பழகிய கால் தசை குருதியிலிருந்து ஆக்ஸிஜனை நன்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் அதே வேலைக்கு இதயம் குறைவாக உழைத்தால் போதும். 14,486 பேர் பங்கேற்ற 63 ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவரிடையே இதயநோய் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 பேரிடம் யோகாசனத்தை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி சோதிக்கப்பட்டு, 2020-இல் முடிவு வெளியாயிற்று. இறப்பும் மறுபடி வரும் மாரடைப்பும் குறைந்தன என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆனால் பயிற்சி பெற்றோர் பழைய வேலைகளுக்குத் திரும்புவது மேம்பட்டது.

ஏரிக்குத் திரும்பும் முன்

மருத்துவர் இதயத்தின் வலிவைச் சோதித்து ஒப்புதல் தந்தபின், சமதரையில் ஐந்து பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். மணலில் நடப்பது கூடுதல் உழைப்பு. முதலில் சாலையே நல்லது. சில நாளுக்கு ஒருமுறை சில நிமிடம் கூட்டுங்கள். நடந்துகொண்டே பேச முடிகிறதா? அதுவே சரியான வேகம். சில இதய மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைப்பதால் நாடியை மட்டும் நம்பக்கூடாது. மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

கோல் ஊன்றுவதும் வலை இழுப்பதும் கடைசிப் படிகள். மூச்சடக்கிப் பளுவை இழுத்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும், மூச்சுவிட்டுக்கொண்டே இழுக்கவேண்டும். உச்சிவெயிலும் உண்டவுடன் உழைப்பதும் ஆகா. தனியே படகில் செல்லவேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை எது கண்டாலும் உடனே நிறுத்துங்கள். ஓய்ந்தும் நீங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

பாட்டில் ஒரு முறை தவறினால் அடுத்த முறை வரும். ஏரி காத்திருக்கும், இதயத்திற்குத்தான் அவகாசம் தரவேண்டும்.