எழுத்துக்கு முன்னால் ஒரு நிரல்

சாத்தான்குளத்துத் தேரிக்காட்டுப் பனைகளின் ஓலையில் எழுதியதைப் படிக்க வெளிச்சம் இருந்தால் போதும். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்க'த்துக்கும் அதுவே போதும்.

1991இல் ஜெனீவாவில் டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட முதல் இணையப் பக்கமும் இந்த வம்சம்தான். வெறும் எழுத்தும் இணைப்புகளும். இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது.

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். படிவத்தில் விட்டுப்போன கட்டத்தைக் காட்டுவது போன்ற சில்லறை வேலைகளுக்குத்தான் அது முதலில் பயன்பட்டது. அப்போது ஜாவாவுக்குச் சந்தையில் நல்ல மவுசு என்பதால் ஜாவாஸ்கிரிப்ட் என்று பேர் வைத்தார்கள். மறு வருஷமே மைக்ரோசாஃப்ட் ஜேஸ்கிரிப்ட் என்று அதைப் போலவே ஒன்றைச் செய்துவிட்டது.

அதே 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் டான் டின் வீயும் அந்நாட்டுக் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார்கள். அதில் தமிழும் இருந்தது. பின்னாலேயே தொல்லையும் வந்தது. பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு. அதை நிறுவாதவர் கண்டதெல்லாம் ரோமன் குறிகளின் குவியல். தானே இறங்கும் எழுத்துருவிலும் நெட்ஸ்கேப் ஒரு வகை, மைக்ரோசாஃப்ட் வேறு வகை. 1998 பொங்கலில் முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களை எளிய மின்பிரதிகளாகத் தந்தது. யூனிகோடு பரவிய பிறகுதான் தமிழ் எல்லாத் திரையிலும் தமிழாகத் தெரிந்தது.

அதற்குள் 2004இல் ஜிமெயில், 2005இல் கூகுள் மேப்ஸ். விரலால் இழுத்தால் நகரும் வரைபடத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவைதான். அதைப் பார்த்து மயங்கியவர்கள் செய்தித் தளத்தையும் அப்படியே கட்டியதுதான் வினை. சர்வரிலிருந்து முதலில் வருவது வெற்றுக்கூடு. பின்னால் வரும் நிரல் ஓடி, திரும்பப் போய் எழுத்தை எடுத்துவர வேண்டும். திசையன்விளை பஸ்ஸில் நடுவழியில் சிக்னல் அறுந்தால் கூடு மட்டும் மிஞ்சும். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நூறு சொற்களுக்காக வாசகரை இப்படிக் காக்க வைப்பது அநியாயம்.

ஜாவாஸ்கிரிப்டை வேண்டுமென்றே அணைத்து வைப்பவர்களின் பிரச்சினை இது என்பார்கள். 2013இல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைக் குழு எண்ணிப் பார்த்தது. அதன் தளத்துக்கு வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஓடவில்லை. அதில் அணைத்து வைத்தவர்களும் ஓட்டவே முடியாதவர்களும் 0.2 தான். மற்றவர்களுக்கு ஓட வேண்டியது வழியில் ஏதோ காரணத்தால் ஓடாமல் போயிற்று.

பக்கத்தைச் சர்வரிலேயே முழுதாக்கி அனுப்பும் பழைய வழக்கம், 2016இல் வந்த நெக்ஸ்ட் ஜேஎஸ் போன்ற கருவிகளால் திரும்பியிருக்கிறது. கட்டுரையை முதலில் அனுப்பிவிட்டுத் தேடல், கருத்துப் பெட்டி, விளம்பரம் எல்லாவற்றையும் பிறகு ஏற்றலாம். செய்தித் தளங்களும் அரசுத் தளங்களும் இதைச் செய்யாமலிருக்கத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இப்போது இல்லை.