போதையும் குற்றமும்: வடசென்னை நமக்குக் கற்பிக்கும் வரலாறு

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்றவுடன், போதையும் குற்றமும் அம்மண்ணிலேயே பிறந்தவை என்பதுபோல் பேசுவோர் உளர். போதகப் பணிக்கென அங்குச் செல்லும் நம்மில் சிலரும் இவ்வெண்ணத்தைச் சுமந்தே செல்கிறோம். வரலாறு வேறொன்றைக் கூறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கள்ளும் சாராயமும், அபினும் கஞ்சாவும் அரசுக்கு வருவாய் ஈட்டிய பொருள்களாகும். 1878ஆம் ஆண்டின் அபின் சட்டமும், 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டமும் அவற்றை ஒழிக்க எழுந்தவையல்ல. உரிமம் வழங்கி வரி பெறவே எழுந்தவை. கஞ்சாவைக் குறித்து 1893-94இல் விசாரித்த ஆணைக்குழுவும் முழுத்தடையைப் பரிந்துரைக்கவில்லை. உரிமமின்றி விற்றவன் குற்றவாளியானான். உரிமம் பெற்ற கடையில் வாங்கி அருந்தியவன் அல்லன்.

1937இல் இராஜாஜியின் அமைச்சரவை இயற்றிய மதுவிலக்குச் சட்டம் அருந்துவதையும் குற்றமாக்கிற்று. சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை நகர் உட்பட மாகாணம் முழுவதும் பரவியது. ஏழைக் குடும்பங்களைக் காப்பதே அதன் நோக்கம் என்பதை நாம் மறுக்கலாகாது. ஆயினும் 1971இல் அது தளர்த்தப்பட்டது. 1974இல் திரும்பி வந்தது. 1981இல் கள், சாராயக் கடைகள் மறுபடியும் திறக்கப்பட்டன. 2003இல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறை விற்பனையை ஏற்றது. நேற்றுச் சிறைக்கு அனுப்பிய குற்றம் இன்று கருவூலத்தை நிரப்பும் வருவாயாயிற்று.

கஞ்சாவின் கதை எதிர்த்திசையில் சென்றது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டம் அதற்குக் கடுந்தண்டனை விதித்தது. அளவுக்கேற்பத் தண்டனையை வகுக்கும் திருத்தம் 2001இல்தான் வந்தது. இதே காலத்தில் வடசென்னையின் பிழைப்பும் மாறிற்று. 1983இல் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் அமைந்தபின், மூட்டை சுமக்கும் கரங்களின் தேவை குறையலாயிற்று. 1996இல் பெரம்பூர்ப் பின்னி ஆலை மூடப்பட்டது. வேலையற்ற வீட்டிலிருந்து பொட்டலம் சுமக்கச் செல்லும் இளைஞன் எளிதில் பிடிபடுகிறான். சரக்கை அனுப்பியவனோ தொலைவில் இருக்கிறான்.

போதையின் கேட்டை நாம் சிறிதாக்கவில்லை. அக்கேட்டால் அழியும் இல்லங்களை நாம் அறிவோம். ஆனால் கேடு வேறு, குற்றம் என்னும் பெயர் வேறு. முன்னது மனிதனை அழிக்கிறது. பின்னதைச் சட்டம் காலத்துக்கேற்ப வழங்குகிறது. சிறிதளவு வைத்திருந்தமைக்காகவோ பயன்படுத்தியமைக்காகவோ வழக்கில் சிக்கியவன் மனமுவந்து சிகிச்சைக்கு வந்தால், அவனுக்கு விலக்களிக்கும் 64ஏ பிரிவு அச்சட்டத்திலேயே உண்டு. இதை அறிந்து தாய்மாருக்கு எடுத்துரைக்கும் போதகர் நம்மில் எத்தனை பேர்? சட்டமே திறந்து வைத்த வாசலை நாம் அடைத்துவிடலாகாது.