பொருளுருவும் ஏடும்: எக்ஸ்.எம்.எல். உறுப்புகளிற் கல்வெட்டுப் பாடம்

பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், ஆவடிக்கு மேற்கேயுள்ள நின்றவூரில் வாழ்ந்த பூசலாரின் வரலாற்றைப் பெரியபுராணத்துட் கூறியுள்ளார். பொருளில்லாத பூசலார் நினைவினாலேயே இறைவனுக்குக் கோயில் எடுத்தார். கனவில் ஏவப்பெற்று அவ்வூர்க்கு வந்த காடவர்கோன் அக்கோயில் யாண்டுளது என வினவியபோது, அதனை அறிந்தார் ஒருவரும் இலர். அவ்வரலாற்றின் பத்திச் சுவையை ஈண்டு ஆராயப் புகுந்தோமல்லோம். நினைவில் நிற்பதொன்று புறத்தே வடிவு பெற்றாலன்றிப் பிறர்க்குப் புலனாகாது என்பதொன்றே நமக்கு வேண்டுவது.

1964இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இன்று பொறித்தொழிற் கூடங்களோடு மென்பொருள் நிறுவனங்களும் உள. நிரல் எழுதுவோர்க்கு இச்சிக்கல் நாளும் எதிர்ப்படுவது. கணிப்பொறியின் நினைவகத்தில் இயங்கும் செய்தித் தொகுதியை அவர்கள் ஆப்ஜெக்ட் என்பர். நாம் பொருளுரு என வழங்குவோம். நிரல் நின்றவுடன் அது மறையும். ஆகலின் அதனை ஏட்டில் எழுதி வைத்தலும், வேண்டும்போது ஏட்டைப் படித்து மீண்டும் பொருளுரு ஆக்கலும் இன்றியமையாதன ஆயின. ஒவ்வொரு செய்தியையும் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே அடைத்து, உறுப்பினுள் உறுப்பாக எழுதும் எக்ஸ்.எம்.எல். முறை அதற்கு வாய்த்தது.

இம்முறையின் மூலம் வாணிகக் கணக்கன்று. ஆவணம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் சட்ட ஆவணங்களைக் கையாளுதற்குக் கண்ட குறிமொழியே 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என உலகத் தரமாயிற்று. அதனை எளிமைப்படுத்தி 1998 பிப்ரவரியில் எக்ஸ்.எம்.எல். வெளியிடப்பெற்றது. பின்னரே வாணிகத்தார் அதனைக் கைக்கொண்டனர். உறுப்பையும் பொருளுருவையும் தானே இணைக்கும் ஜாக்ஸ்பி என்னும் கருவி ஜாவா மொழிக்கு 2003இல் வந்தது. 2006இல் அம்மொழியோடு சேர்த்து வழங்கப்பெற்று, 2018இல் மீண்டும் தனியே பிரிக்கப்பெற்றது. விலைச்சீட்டு, ஊதியப் பட்டியல் போல்வனவற்றிற்கு இத்தகைய கருவிகள் மிகப் பொருந்துவன. இலக்கியத்திற்கும் கல்வெட்டிற்கும் பொருந்துமோ எனின், ஆண்டுத்தான் ஐயம் எழுகின்றது.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதியின் முதல் நூலை ஹுல்ட்ஷ் 1890இல் வெளியிட்டார். அத்தொகுதியில் ஐயத்துக்குரிய எழுத்து பகர அடைப்புக்குள்ளும், பதிப்பாசிரியர் தாமே பெய்த எழுத்து உடுக்குறியோடு கூடிய அடைப்புக்குள்ளும் அச்சிடப்பெறும். இச்சிறு குறிகளே கல்லின் கூற்றையும் ஆசிரியர் கூற்றையும் பிரிப்பன. இன்று கல்வெட்டறிஞர் கையாளும் எபிடாக் என்னும் எக்ஸ்.எம்.எல். மரபில் அக்குறிகளுக்கு நிகராகத் தனித்தனி உறுப்புகள் உள. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கையால் 2019இல் தொடங்கிய தர்மா என்னும் திட்டத்தார் தமிழ்க் கல்வெட்டுகளையும் இம்மரபிற் பதிந்துள்ளனர். ஆயின் உரோமன் எழுத்திற் பதிந்துள்ளனர்.

இனி ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு ஆடு விடுதல் சோழர் கல்வெட்டுகளிற் பலகாலும் காணப்படும் வழக்கு. கல்லில் அத்தொகை ‘௯௰’ என இருப்பதாகக் கொள்வோம். அதன் இரண்டாம் குறி சிதைந்துளது, பதிப்பாசிரியர் ஊகித்துப் பெய்துள்ளார் எனவும் கொள்வோம். நிரலாளர் கொடை என்றொரு வகுப்பை வரைந்து, அதில் ஆட்டின் தொகைக்கு ஓர் எண்ணிடம் மட்டும் வைப்பார். ஏட்டைப் படித்தவுடன் அவ்விடத்தில் 90 அமரும். கணக்கிற் பிழையில்லை. அப்பொருளுருவை மீண்டும் ஏடாக்குங்கால் வெளிவருவதும் 90 என்பதே. கல் குறியீட்டால் எழுதிற்றா, சொல்லால் எழுதிற்றா என்பது போயிற்று. எது கல்லில் நின்றது, எது ஆசிரியர் ஊகம் என்பதும் போயிற்று. ஊகம் சான்றாக நிலைபெற்றது. இதன்மேல் ஒருவர் கோயிற் பொருளியல் வரலாறு எழுதின் அது யாதாகும்?

இன்னுமொன்று. தான் அறியாத உறுப்பு ஏட்டில் வரின், இக்கருவிகளிற் பல, தாமே வேறு கட்டளை பெற்றாலன்றி, அதனை வாய்திறவாது விட்டுவிடும். பிழை என்று கூவினால் நாம் விழித்துக்கொள்வோம். கூவாத பிழையே அஞ்சத்தக்கது.

தமிழ் எழுத்தாற் குறிச்சொல் அமைக்கலாகாது என்று நம் மாணவர் பலர் கருதுகின்றனர். அது தவறு. 1998ஆம் ஆண்டுத் தரமே உறுப்பின் பெயரில் தமிழ் எழுத்தை ஏற்றது; கொடை, யாண்டு, நாடு எனத் தமிழிலேயே உறுப்புகளுக்குப் பெயரிடலாம். ஒன்றை மட்டும் கருதல் வேண்டும். யூனிகோடில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவிக்கோ அவை இருவேறு பெயர். தொடக்கக் குறி ஒருவகையாலும் முடிவுக் குறி மற்றொருவகையாலும் அமையின் ஏடே பிழையுடையதாகும். கல்வெட்டில் விரவும் கிரந்த எழுத்துக்கு 2014இல்தான் யூனிகோடில் தனியிடம் கிடைத்தது என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும்.

படியெடுத்தலில் மூலத்தை மறவாமை நம் முன்னோர்க்குப் புதிதன்று. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவற் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகள் புதிய சுவரிற் படியெடுக்கப்பெற்றன. ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என அவற்றிற் குறித்தும் வைத்தனர். இன்றைய கருவிகள் பல எழுதும் ஏடுகளில் இத்தகைய குறிப்பு ஒன்றேனும் இல்லை.

ஊர், அரசன், ஆட்சியாண்டு போன்ற தலைப்புச் செய்திகளை மட்டும் பொருளுரு ஆக்குக. கல்வெட்டின் பாடத்தை அங்ஙனம் பிரிக்காது, உறுப்பு மரமாகவே நினைவகத்தில் வைத்துக் கையாளுக என்பது எம் கருத்து. நினைவகம் மிகுதியாக வேண்டும், நிரலும் நீளும் என்பர், அது உண்மையே. திருமுல்லைவாயில் மாசிலாமணீசர் கோயிற் சோழர் கல்வெட்டுகளைப் பதிய விழையும் மாணவர், ஒரு கல்வெட்டை மட்டும் முதலில் எடுத்துக்கொள்க. அதனைக் கருவியாற் படித்து, யாதும் மாற்றாது மீண்டும் எழுதச் செய்து, இரண்டு ஏடுகளையும் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குக. வேறுபாடு தோன்றின், அது தீருமளவும் இரண்டாம் கல்வெட்டிற்குச் செல்லற்க.