ஓலைக்கூரையும் ஒளி நட்சத்திரமும்

டிசம்பர் பிறந்துவிட்டால் களியக்காவிளைச் சந்திப்பில் நட்சத்திர வியாபாரம் சூடுபிடித்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே, தமிழ்நாட்டின் எல்லையில் இருக்கிற ஊர். காகித நட்சத்திரம், பிளாஸ்டிக் நட்சத்திரம், ரிமோட்டில் நிறம் மாறும் எல்.இ.டி. நட்சத்திரம் என்று கடைவாசல்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பேரம் பேசாமல் வாங்குகிறவர் இல்லை. ஆனால் உள்ளே ஓடும் ஒயர் எவ்வளவு தாங்கும், எத்தனை மணி நேரம் எரியவிடலாம் என்று கேட்கிறவரைப் பார்ப்பது அபூர்வம். இவர்களுடைய பாட்டன்மார் நட்சத்திரம் கட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்தது வானத்தை அல்ல, கூரையை.

களியக்காவிளை அடங்கிய விளவங்கோடு வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தால் அது வீட்டுக் கூரையின் வரலாறாகவும் ஆகிவிடுகிறது. எந்தக் கூரையின் கீழ், எந்த விளக்கை ஏற்றி, எத்தனை பேரை அழைத்துக் கொண்டாடினார்கள் என்பதில்தான் அந்த நாளின் பாதுகாப்பு அடங்கியிருந்தது.

கடலோரத்தில் கிறிஸ்தவம் வேர்விட்டது 1544-இல், பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவ மீனவர் ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்தபோது. உள்நாட்டு விளைகளுக்குள் அது பரவியது 1806-இல் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததற்குப் பிறகு. லண்டன் மிஷனின் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் பனையேறியும் தோட்டவேலை செய்தும் வாழ்ந்த நாடார்கள். அவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கலாம் என்பதையும் அன்றைய சமூகமே தீர்மானித்தது. 1871-இல் வெளிவந்த 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி' என்ற நூலில் மிஷனரி சாமுவேல் மெட்டீர், அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளை வரிசைப்படுத்துகிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை கூடாது. அந்த வரிசையிலேயே, ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்பதும் வருகிறது. ஆக, மண்சுவரும் முடைந்த ஓலையும்தான் வீடு.

அந்த ஓலைக்கு நெருப்பு எப்போதும் மெழுகுதிரியிலிருந்து மட்டும் வரவில்லை. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது 1858-இன் கடைசி வாரங்களிலும் 1859-இன் தொடக்கத்திலும், அதாவது கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் காலத்தில். ஜெபாலயங்களும் வீடுகளும் கொளுத்தப்பட்டன. பெண்கள் மேலாடை அணிந்து வெளியே நடப்பதே ஆபத்தாக இருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச பிரகடனம் சில நிபந்தனைகளோடு மேலாடைக்கு அனுமதி தந்தது. பண்டிகை நாளில் வீடு பத்திரமாக இருக்க வேண்டும் என்று அந்தத் தலைமுறை வேண்டிக்கொண்டதன் அர்த்தமே வேறு. ஷார்ட் சர்க்யூட் பற்றி இன்று பேசுகிற நாம் அதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஓலைவீட்டில் கூட்டம் கூட்டுவதற்கென்று சில வழக்கங்கள் இருந்தன. யாரும் அவற்றை விதியாக எழுதிவைக்கவில்லை. முதலாவது, பண்டிகைச் சமையல் வீட்டுக்குள் நடக்காது. முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுப்பதும், கருப்பட்டிப் பாகு காய்ச்சுவதும், அச்சுமுறுக்கைத் தேங்காயெண்ணெயில் பொரித்தெடுப்பதும் முற்றத்தில் அடுப்புக் கூட்டித்தான். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் கூரை தப்பும்; பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே உருட்டவும் இடம் கிடைக்கும். இரண்டாவது, விருந்தாளிக்குப் பாய் விரிப்பதும் முற்றத்தில். சாணி மெழுகிய அந்த வெற்றிடம்தான் ஓலைவீட்டின் வரவேற்பறை. தீ என்று ஒரு குரல் கேட்டால் எழுந்து ஓட எந்தக் கதவையும் தேட வேண்டியதில்லை.

நட்சத்திரமும் கூரையில் ஏறாது. மூங்கில் கீற்றை முனைமுனையாகக் கட்டி, வர்ணத்தாள் ஒட்டி, நடுவில் ஒரு சிரட்டைக்குள் மெழுகுதிரியை நிறுத்துவார்கள். அதைத் தொங்கவிடுவது முற்றத்தோரப் பலாவிலோ, தனியே நட்ட கமுகங்கம்பிலோ. காற்றடித்துத் தாள் பற்றிக்கொள்வது சகஜம். மறுநாள் வேறு தாள் ஒட்டிக்கொள்ளலாம். காலநிலையும் கொஞ்சம் துணைநின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஓலை மார்கழியில் முழுக்க உலர்ந்திருக்காது. இதே பண்டிகை பங்குனியில் வந்திருந்தால் எத்தனை வீடு எரிந்திருக்குமோ!

காகித நட்சத்திரத்துக்குள் விளக்கேற்றும் வழக்கத்துக்கு ஐரோப்பாவில் ஒரு பிரபலமான மூதாதை உண்டு. ஜெர்மனியில் மொரேவிய சபையினரின் பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கச் செய்யப்பட்ட பலமுனை நட்சத்திரம், பின்னர் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று பெயர்பெற்றது. அங்கேயும் நெருப்புப் பயம் இருந்தது. மரக்கிளைகளில் மெழுகுதிரி நிறுத்தும் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகள் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துக்கொண்டன. 1882-இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 மின்விளக்குகளைச் சுற்றிக் காட்டினார். வேடிக்கையாகத் தொடங்கியது மெழுகுதிரிக்கு மாற்றாகிவிட்டது.

களியக்காவிளைப் பக்கத்துக்கு அந்த வெளிச்சம் வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நடுவில் ஆட்சி செய்தது பெட்ரோமாக்ஸ். கேரல் குழு வருகிறது என்பதைப் பாட்டுக்கு முன்னால் அந்த 'உஸ்ஸ்' சத்தமே சொல்லிவிடும். முன்னால் ஒருவர் விளக்கைத் தலையில் சுமக்க, பின்னால் டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவும். தாத்தாவின் பஞ்சுத்தாடி விளக்குப் பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ள ஒரு கண் வேண்டும். பெட்ரோமாக்ஸ் இல்லாத குழு காய்ந்த ஓலைச் சூட்டை வீசிக்கொண்டு வரப்பில் நடக்கும். வீட்டு முற்றத்தை அடையும் முன்பே சூட்டைத் தரையில் குத்தி அணைத்துவிட வேண்டும்.

1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் தொடங்கி திருவிதாங்கூருக்கு மின்சாரம் பெருகியது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டம் ஆயின. 1970-களின் தொடக்கத்தில் கோதையாறு மின் நிலையங்கள் ஓடத் தொடங்கின. இதற்கிடையே கூரையும் மாறியிருந்தது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரை நெடுகப் பரவி, வசதி வந்த வீடுகளின் ஓலையை இறக்கியது. பிறகு ரப்பர் பணமும் வளைகுடாப் பணமும் ஓட்டையும் இறக்கி கான்கிரீட்டை ஏற்றின. கூரை எரியும் என்ற பயம் இரண்டே தலைமுறையில் போய்விட்டது.

பயம் போனது, ஆபத்து போகவில்லை, இடம் மாறியது.

கூரையைத் தொடக் கூசிய நட்சத்திரம் இப்போது மாடி விளிம்பில் ஏறியது. தாள் நட்சத்திரத்துக்குள் 60 வாட் குண்டுபல்பு மாட்டினார்கள். பல்பு சாய்ந்து தாளைத் தொட்டால் முதலில் பழுப்பு, பிறகு கருப்பு, பிறகு புகை. சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணையும். போன பல்பைக் கண்டுபிடிக்க மின்சாரம் ஓடும்போதே ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கும் துணிச்சல்காரர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். எல்.இ.டி. வந்தபின் சூடு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மலிவுச் சரங்களின் மெல்லிய ஒயரும், ஒரே பிளக்கில் நாலைந்து இணைப்பும், மழைச்சாரலில் நனையும் ஒட்டுமூட்டுகளும் அப்படியே இருக்கின்றன.

அதைவிட விசேஷம், இந்தத் தலைமுறை தானாகவே ஓலையைத் திரும்ப அழைத்துவந்தது. குடிலைத்தான் சொல்கிறேன். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி அமைத்த காட்சி, குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கலையாகிவிட்டது. சிரட்டையிலும் தட்டிலும் நெல்லை முளைக்கவிட்டுப் பச்சை வயல் செய்வார்கள். அருவி, மலை, பாலம் எல்லாம் உண்டு. மேலே வேய்வது வைக்கோலும் ஓலையும். உள்ளே ஓடுவது மின்சரம். பாட்டன் பயந்து விலக்கிவைத்த இரண்டையும் பேரன் வரவேற்பறையில் ஒன்றாகக் கட்டிவைக்கிறான்.

ஓலையும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்னவாகும் என்பதைத் தமிழகம் 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் பார்த்தது. கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தலில், வீடியோ எடுப்பதற்கான விளக்கின் மின்இணைப்பிலிருந்து தீ பற்றி, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், கூரை வேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகள். அதன் பிறகுதான் பள்ளிகளிலிருந்து ஓலைக்கூரைகள் அகற்றப்பட்டன. குமரி மாவட்டத்திலேயே 2025 மார்ச் 1 அன்று, இனயம் புத்தன்துறையில் ஆலயத் திருவிழா ஏற்பாட்டின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் உயிரிழந்தார்கள். நட்சத்திரம் கட்ட இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு மாடியேறும் பையன்களுக்கு இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும்.

வெடியின் கதை கொஞ்சம் வேறு. தீபாவளிக்குச் சற்றும் குறையாமல் இங்கே கிறிஸ்துமஸுக்கும் வெடி உண்டு. உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு வழக்கில் தந்த தீர்ப்பு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் 11.55 முதல் 12.30 வரை மட்டுமே வெடிக்கலாம் என்றது. முப்பத்தைந்து நிமிடம். நள்ளிரவு ஆராதனை நடக்கும் நேரமும் அதுதான். நீதிமன்றத்தைப் பின்பற்றினால் பாதிரியார் கோபிப்பார்; பாதிரியாரைப் பின்பற்றினால் நேரம் தப்பிவிடும். காவல்துறை அவ்வளவு துல்லியமாகக் கடிகாரம் பார்ப்பதில்லை என்பது ஊரறிந்த ரகசியம்.

இனி குடி. எல்லை ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. பண்டிகை நாளில் கள்ளச்சாராயம் என்ன செய்யும் என்பதற்கு 1982 ஓணத்தின்போது கொச்சியை அடுத்த வைப்பினில் 70-க்கும் மேற்பட்டோர் மாண்டதே சாட்சி. பலர் பார்வை இழந்தார்கள். கேக்கோடு ஒரு வாய் பரிமாற வீட்டில் போடும் திராட்சை ஒயின் அந்த வகையில் சேராது. ஜாடியின் வாயைக் காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும் என்பது வேறு விஷயம். ஆனாலும் 2019 கிறிஸ்துமஸை ஒட்டி, உரிமமின்றி வீட்டில் ஒயின் வடிப்பது குற்றம் என்று கேரளக் கலால் துறை எச்சரித்தபோது எல்லையின் இரு பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது. மாதத்தின் முதல் தேதி கேரளத்தில் மதுக்கடை மூடல். அதனால் புத்தாண்டு நாளில் அங்கே கதவடைப்பு, இங்கே திறப்பு. வீட்டு விருந்துக்கு வந்தவர் திரும்பிப் போவது நெடுஞ்சாலையில். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். அந்தக் காலத்து விருந்தாளி நடந்து வந்தார். நேரமானால் முற்றத்தில் பாயை விரித்துப் படுத்தார். அந்தப் பாய்க்கு இன்றும் தேவை இருக்கிறது.

எந்த முன்னெச்சரிக்கையும் காக்க முடியாத கிறிஸ்துமஸ்களும் இந்த மாவட்டத்துக்கு வாய்த்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் விருந்தின் மிச்சமும் வந்த உறவினரும் வீட்டில் இருந்த காலையில், குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி ஊர்களுக்குள் சுனாமி புகுந்தது. மாவட்டத்தில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் போன்ற கரையோர ஊர்களில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் பல அந்த ஆண்டு நட்சத்திரமே கட்டவில்லை.

மற்ற ஆண்டுகளில் ஆபத்தான நேரம் எது என்று கேட்டால், விருந்து நேரம் அல்ல. டிசம்பர் 24 இரவு, குடும்பம் முழுவதும் ஆலயத்துக்குக் கிளம்பி, வாசல் பூட்டிக் கிடக்க, உள்ளே குடிலும் வெளியே நட்சத்திரமும் எரிந்துகொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான். திருடனுக்கும் அது தோதான நேரம். பழைய வீடுகளில் வயதான ஒருவராவது காவலுக்கு இருந்தார். இன்று இருவர் மட்டும் வாழும் வீடுகள் அதிகம். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூருவிலோ. எனவே கிளம்பும்போது குடிலின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நட்சத்திரத்தை அணைத்துவிட்டுப் போங்கள்; திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளலாம். மெயின் போர்டில் மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கருவி இல்லையென்றால் இந்த ஆண்டு நட்சத்திரம் வாங்கும் முன் அதை வாங்குங்கள். தீயணைப்பு எண் 101, எந்த அவசரத்துக்கும் 112.