கொட்டைக்கேற்ற பக்குவம்

காகித வடிகட்டியில் வெந்நீரை மெல்ல ஊற்றிக் காப்பி இறக்கப் பழகுகிறவர்கள் முதலில் கற்பது, கொட்டை மாறினால் அரைப்பும் நீரின் சூடும் ஊற்றும் வேகமும் மாற வேண்டும் என்பதைத்தான். 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் காப்புரிமை பெற்ற காகித வடிகட்டியோடு சேர்ந்து வந்த நுணுக்கம் இது என்று பலர் கருதுகிறார்கள். அது பாதி உண்மைதான். கொட்டையறிந்து பக்குவம் மாற்றும் அறிவு தமிழ்நாட்டில் முன்பே இருந்தது. ஆனால் அது வீட்டு அடுப்படியை விட்டு அரைவைக் கடைக்கும், அங்கிருந்து ஆலைக்கும் இடம்பெயர்ந்துவிட்டது.

பச்சைக் கொட்டை வாங்கி வாணலியில் வறுத்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் பொடித்த வீடுகளில் வறுப்பின் நிறமும் பொடியின் பருமனும் வீட்டாரின் முடிவாக இருந்தன. பிறகு அந்தப் பொறுப்பைக் காப்பித்தூள் கடை ஏற்றது. 'ஏ பாதி, பீபரி பாதி, சிக்கரி கொஞ்சம்' என்று சொன்னால் போதும். கடைக்காரர் கண்ணெதிரே கலந்து அரைத்துத் தருவார். பித்தளை பில்டரில் எல்லாம் அந்த அரைப்பைப் பொறுத்ததே. தூள் மிக நைஸாக இருந்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு தட்டினாலும் டிகாக்ஷன் சொட்டாது. திப்பியாக இருந்தால் வெந்நீர் சட்டென்று இறங்கி, டிகாக்ஷன் நீர்த்துப்போகும். தூளின் மேல் வைக்கும் குடையை எவ்வளவு அழுத்துவது என்பதும் இதே கணக்கில் சேர்ந்தது. ஆக, ஊற்றும் கையால் ஆள வேண்டிய வேகத்தைத் தூளும் குடையும் ஆண்டன.

கடையில் கேட்ட ஏ, பீபரி என்ற தரப் பெயர்களில் மலையின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இல்லாததற்குக் காரணம் உண்டு. போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்ட நிலையில் வந்த 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின் கீழ், விளைச்சல் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போனது. அங்கே பல தோட்டத்துக் கொட்டைகள் தர வரிசைப்படி ஒன்றாகக் கலந்தன. ஏற்காட்டுக் கொட்டை வேறு, குடகுக் கொட்டை வேறு என்று குடிப்பவர் அறிய வழி குறைந்தது. 1990-களில் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாக நீங்கிய பின்னரே தனித் தோட்டக் காப்பி பரவலாகக் கடைக்கு வந்தது. அருகே இருந்தும் ஏற்காடு, குடகு போன்ற மலைகளின் பெயர் நம் டம்ளரை எட்ட அரை நூற்றாண்டு ஆயிற்று.

பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேர்ந்தபின் கொட்டையின் குணம் எங்கே தெரியும் என்று கேட்கலாம். பாலுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்ததால்தான் கலவையில் இவ்வளவு கவனம் தேவைப்பட்டது. அராபிகாவைப் போல ஏறத்தாழ இருமடங்கு கஃபீன் கொண்ட ரொபஸ்டா கூடினால் கசப்பும் கனமும் ஏறும். அராபிகா கூடினால் மணம் ஏறும். இருந்தாலும் இந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது: இளம் வறுப்பின் பழப்புளிப்பை ரசிக்க நம் மரபு கற்றுத் தரவில்லை. அந்தக் கொட்டை கெட்டியானது, எளிதில் சாறு விடாது. நைஸான அரைப்பும் கொதிக்கும் நிலையை ஒட்டிய சூடும் அதற்கு வேண்டும். கருவறுப்புக்கு இதற்கு நேர்மாறு.

பொட்டலத் தூள் வசதிதான்; ஆனால் அதை வாங்கும்போது இந்த முடிவுகளையெல்லாம் ஆலையிடம் ஒப்படைத்துவிடுகிறோம். புதிதாகப் பழகுகிறவர்கள் கொட்டையாக வாங்குங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புளித்தால் இன்னும் நைஸாக அரையுங்கள், கசந்தால் சற்றுத் திப்பியாக. நாக்கின் தீர்ப்பு மீண்டும் வீட்டுக்கு வரட்டும்.