வடிநீரின் சாட்சி: தொகுதிப் பிரிப்பும் உறுதிச் சோதனையும்

உப்புப் பகுப்பாய்வுத் தேர்வில் கையில் உப்பு வந்ததும் மாணவர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார். நீலமென்றால் தாமிரம், இளஞ்சிவப்பென்றால் கோபால்ட்டு. உடனே அட்டவணையின் கடைசிக் கட்டத்துக்குத் தாவி உறுதிச் சோதனையைச் செய்துவிடுகிறார். விடை தெரிந்த பிறகு பின்னோக்கி நடந்து, மற்றத் தொகுதிகளுக்கெல்லாம் 'வீழ்படிவு இல்லை' என்று நிரப்புகிறார். நடக்காத பிரிப்பின் வரலாறு அழகான கையெழுத்தில் பதிவாகிறது, மதிப்பெண்ணும் குறைவதில்லை.

இதைச் சோம்பல் என்று கண்டித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் மாணவர் நாம் கற்பித்ததையே செய்கிறார். உறுதிச் சோதனைதான் அறிவு, பிரிப்பு அதற்கான முன்னேற்பாடு என்ற எண்ணம் நம் செய்முறை நூல்களிலேயே ஊறியிருக்கிறது. உண்மை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். சோதனை நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கேட்கத் தோன்றாத கேள்விக்கும் பதில் சொல்லக்கூடியது பிரிப்புதான்.

இன்று நாம் பின்பற்றும் தொகுதிமுறையைப் பரவலாக்கிய நூலை கார்ல் ரெமிகியுஸ் ஃபிரெசீனியஸ் 1841இல் வெளியிட்டபோது அவர் மாணவர்; வயது இருபத்துமூன்றைத் தாண்டவில்லை. அதன்பின் கீஸனில் லீபிக்கிடம் சேர்ந்தார். 1848இல் வீஸ்பாடனில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். தனித்தனிச் சோதனைகள் அவருக்கு முன்பே ஏராளமாக இருந்தன. அவற்றை ஒழுங்கான வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் கரைசலிலிருந்து ஒரு கூட்டத்தை முழுதாக வெளியேற்றிவிட்டு மேலே செல்லும் முறையைக் கற்பவர் கைக்கு எட்டச் செய்தது அந்நூல்.

அந்த வரிசை மரபுக்காக வைத்ததன்று. இரண்டாம் தொகுதியையும் நான்காம் தொகுதியையும் பாருங்கள். இரண்டுக்கும் வினைபொருள் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். வேறுபாடு அமிலத்தில் இருக்கிறது. பாடநூல்களின் பழைய மதிப்புப்படி, வாயு நிறைவுற்ற கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவின் இருமடியையும் சல்ஃபைடு அயனிச் செறிவையும் பெருக்கினால் ஏறத்தாழ 10⁻²³. அமிலம் 0.3 மோலார் என்றால் சல்ஃபைடு 10⁻²² அளவில் நிற்கும். உலோக அயனி 0.01 மோலார் இருந்தால் அயனிப் பெருக்கம் 10⁻²⁴. காட்மியம் சல்ஃபைடின் கரைதிறன் பெருக்கம் 10⁻²⁸ அளவு, துத்தநாக சல்ஃபைடினுடையது 10⁻²³ அளவு. ஆகவே காட்மியம் விழுகிறது, துத்தநாகம் கரைசலிலேயே தங்குகிறது. அமிலத்தைக் கூட்டினால் காட்மியமும் விழாமல் தப்பிவிடும். மிகவும் நீர்த்துவிட்டால் துத்தநாகம் இரண்டாம் தொகுதிக்குள் நுழைந்துவிடும். (ஹைட்ரஜன் சல்ஃபைடின் இரண்டாம் பிரிகை மாறிலி பின்னாளில் மிகவும் கீழே திருத்தப்பட்டது, கரைதிறன் பெருக்கங்களும் கூடவே இறங்கின. எண்கள் மாறினாலும் அவற்றுக்கிடையேயான இடைவெளி குலையாததால் அட்டவணை பிழைத்தது.)

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு படியும் முந்தைய படி முழுமையாக முடிந்தது என்பதை நம்பியே நிற்கிறது. மூன்றாம் தொகுதிக்குப் போகுமுன் வடிநீரைக் கொதிக்கவைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை ஓட்டிவிட்டு, சில துளி அடர் நைட்ரிக் அமிலம் விடச் சொல்கிறோம். பலர் விடுவதில்லை. இரும்பு ஃபெரஸ் நிலையிலேயே இருந்தால் அம்மோனியம் குளோரைடின் முன்னிலையில் அதன் ஹைட்ராக்சைடு சரியாக விழாது. மிஞ்சியது நான்காம் தொகுதியில் கருப்பாக வந்து நிக்கலோ கோபால்ட்டோ என மயக்கும். உறுதிச் சோதனையும் இங்கே காப்பாற்றாது. நிக்கலுக்குப் பேர்போன டைமெத்தில் கிளையாக்சைம் அம்மோனியா ஊடகத்தில் ஃபெரஸ் இரும்போடும் சிவப்பு நிறம் தரும். ஒரு சோதனை குறிப்பிட்ட ஒன்றையே காட்டும் என்று சொல்லும்போது, குழப்பக்கூடியவற்றை முன்பே வெளியேற்றிவிட்டோம் என்ற நிபந்தனை அதில் மறைந்திருக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1885இல் ஃபிரைபெர்க் அருகே ஒரு வெள்ளிச் சுரங்கத்தில் கிடைத்த ஆர்கைரோடைட்டு என்ற புதுக் கனிமத்தை கிளெமென்ஸ் வின்க்லர் பகுத்தார். வெள்ளி ஏறக்குறைய 75 விழுக்காடு, கந்தகம் 17 விழுக்காட்டுக்குச் சற்று மேல், கொஞ்சம் இரும்பு, மிகச் சிறிது பாதரசம். எத்தனை முறை செய்தாலும் கூட்டுத்தொகையில் 6 முதல் 7 விழுக்காடு குறைந்தது. அன்று தெரிந்திருந்த எந்தத் தனிமத்துக்கான சோதனையும் அந்தக் குறையை நிரப்பவில்லை. தெரியாத ஒன்றுக்குச் சோதனை எப்படி இருக்கும்? கனிமத்தைச் சோடா, கந்தகத்தோடு சேர்த்து உருக்கி, நீரில் கரைத்து, அளவாக அமிலம் விட்டு விழுந்ததை வடித்துவிட்டு, வடிநீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மிகையாக ஊற்றினார். வெள்ளைத் திரள் இறங்கியது. நீரில் கரையும், வலிய அமிலத்தில் கரையாத சல்ஃபைடு அது. சாதாரணமாகக் கழுவும்போது கழுவுநீரோடு போய்விடக்கூடியது. 1886 பிப்ரவரி 6இல் ஜெர்மானியம் அறிவிக்கப்பட்டது. மெண்டலீவ் 1871இல் எகா-சிலிகான் என்ற பெயரில் இத்தனிமத்துக்குக் கணித்த அணு எடை 72. வின்க்லர் கண்டது 72.32.

கியூரி தம்பதியர் 1898இல் யோவாகிம்ஸ்தால் பிட்ச்பிளெண்டில் செய்ததும் இதே அட்டவணை வேலைதான். கதிரியக்கத்தை அளக்கும் மின்னூட்டமானி மட்டுமே புதிது. கனிமத்தைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, கதிரியக்கம் எந்தக் கூட்டத்தோடு போகிறது என்று பார்த்தார்கள். ஒரு பகுதி பிஸ்மத்தோடு சல்ஃபைடாக விழுந்தது. இன்னொன்று பேரியத்தோடு ஒட்டிக்கொண்டது. முதலாவதற்கு ஜூலையில் பொலோனியம் என்று பெயரிட்டபோது, நிறமாலை வல்லுநர் டெமார்சே எடுத்த நிறமாலையில் புதிய கோடு எதுவும் தெரியவில்லை. உறுதிச் சோதனை தோற்ற இடத்தில், அவர்கள் கையிலிருந்த சான்று பிரிப்பில் அப்பொருள் நடந்துகொண்ட விதம் ஒன்றுதான். அது சரியாகவே இருந்தது. டிசம்பரில் அறிவித்த ரேடியத்துக்கு நிறமாலைக் கோடு கிடைத்தது. ஆனால் அதைப் பேரியத்திலிருந்து பிரித்து எடைபோட ஆயிரக்கணக்கான பின்னப் படிகமாக்கல்களும் 1902 வரை காலமும் தேவைப்பட்டன.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று இதற்கு எதிர்த்திசையில் வருகிறது. 1934இல் ரோமில் ஃபெர்மி குழுவினர் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கி, கிடைத்த கதிரியக்கம் யுரேனியத்துக்கு அண்டையிலுள்ள தனிமங்களுடையதன்று, காரீயம்வரை எதனுடையதுமன்று என்று காட்டி, 93ஆம் தனிமத்தைக் கண்டிருக்கலாம் என்றார்கள். வேதியியலர் இடா நோடாக் அதே ஆண்டு மறுப்பெழுதினார்: காரீயத்தோடு ஏன் நிற்க வேண்டும், தெரிந்த எல்லாத் தனிமங்களையும் விலக்கினால்தானே முடிவுக்கு வரலாம்? ஃபிரெசீனியஸின் மாணவன் எவனும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. யாரும் பொருட்படுத்தவில்லை. 1938 டிசம்பரில் ஹானும் ஷ்ட்ராஸ்மனும் அதே வினையின் விளைபொருளை ரேடியம் என்று எண்ணி, பேரியத்தைத் தாங்கியாகச் சேர்த்து, மரி கியூரியின் பின்னப் படிகமாக்கலால் பிரிக்க முயன்றார்கள். பிரியவில்லை. ஐயத்தைத் தீர்க்க உண்மையான ரேடிய ஐசோடோப்பைக் கலந்து அதே முறையில் செய்தபோது அது ஒழுங்காகப் பிரிந்தது. பிரியாதது பேரியமே என்றானது. யுரேனிய அணு பிளந்ததன் முதல் சான்று ஒரு படிகமாக்கலின் தோல்வி. அதன் பொருளை விளக்கியவர்கள் லிசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும்.

இந்தக் காலத்தில் பிளாஸ்மா நிறைமாலைமானி நிமிடத்தில் செய்வதற்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். அக்கருவியும் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. ஆர்சனிக்கின் நிலையான ஒரே ஐசோடோப்பின் நிறை 75. ஆர்கான் 40உம் குளோரின் 35உம் இணைந்த அயனியின் நிறையும் 75. மாதிரியில் குளோரைடு மிகுந்திருந்தால் இல்லாத ஆர்சனிக்கைக் கருவி காட்டும். அங்கும் முன்பிரிப்பு வேண்டும், அல்லது அக்குறுக்கீட்டை நீக்கும் தனி ஏற்பாடு வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பை முழுதாக ஏற்கிறேன்: ஹைட்ரஜன் சல்ஃபைடு நஞ்சு. செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். காற்றோட்டமில்லாத ஆய்வகத்தில் கிப் உபகரணத்தைத் திறந்துவைப்பது கற்பித்தலாகாது. ஆனால் வாயுவைக் கைவிடுவதற்காகப் பிரிப்பைக் கைவிட வேண்டியதில்லை. ஃபெரிக் இரும்பு, கால்சியம், மக்னீசியம் மூன்றும் கலந்த கரைசலே போதும். அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் இரும்பை வீழ்த்தும். அந்த வடிநீரில் அம்மோனியம் கார்பனேட்டு கால்சியத்தை வீழ்த்தும். மிஞ்சியதில் சோடியம் பாஸ்பேட்டு மக்னீசியத்தைக் காட்டும். ஒவ்வொரு வடிநீரிலும் அதே வினைபொருளை இன்னொரு துளி விட்டு, கலங்கவில்லை என்பதைத் தேர்வாளர் முன் காட்ட வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்கே.

வகுப்பில் பாதிப் பேருக்கு மக்னீசியம் இல்லாத கலவையைக் கொடுக்கலாம். கால்சியத்தை அரைகுறையாக விட்டுவைத்தவர் கடைசிக் குழாயில் பாஸ்பேட்டை ஊற்றும்போது வெள்ளை வீழ்படிவு அவருக்கும் கிடைக்கும். 'மக்னீசியம் உறுதி' என்று எழுதுவார்.