குறைந்த செலவில் நிறைவான பயணம்: கும்பகோணத்தை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப்போடும்போது பெரும்பாலும் பணத்தைத்தான் காரணமாகச் சொல்கின்றன. அவர்கள் போட்டுவைத்த திட்டத்தை வாங்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நான்கு நாளில் ஆறு ஊர், ஒவ்வோர் இரவும் புதிய விடுதி, விடிந்தால் வாடகைக் கார். செலவை ஏற்றிவிடுவது இந்த அமைப்புத்தான். ஊர் திரும்பிய ஒரு மாதத்தில் எந்தக் கோபுரத்தை எந்த ஊரில் பார்த்தோம் என்று குழம்ப வைப்பதும் இதுவே. பயணத்தின் சுற்றளவைச் சுருக்கினால் செலவு குறைகிறது. நினைவில் தங்குவதும் கூடுகிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

பொதுவாகப் பேசினால் இந்தக் கருத்து வெறும் அறிவுரையாகிவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து நான்கு பேர் கொண்ட குடும்பம் வியாழன் இரவு புறப்பட்டு, காவிரிப் படுகையில் மூன்று பகல் கழித்து, ஞாயிறு இரவு திரும்ப ரயில் ஏறுகிறது. கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறுபவை என்பதால் ரூபாய்க் கணக்கைத் தவிர்த்திருக்கிறேன். செலவு எப்படி உருவாகிறது என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

2. செலவு உருவாகும் இடங்கள்

2.1 தூரம்

வெளியூர் வாடகைக் கார்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கிடுவது நம் ஊர்களில் பரவலான வழக்கம். ஓட்டுநர் பேட்டா தனி. கும்பகோணத்திலிருந்து தாராசுரம் 4 கி.மீ., சுவாமிமலை ஏறத்தாழ 8, நாச்சியார்கோயில் ஏறத்தாழ 10, கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 35, தஞ்சாவூர் 40. இவற்றில் மிகத் தொலைவான ஊருக்குப் போய்த் திரும்பினாலும் 80 கி.மீ.தான் ஆகும். மீதமுள்ள தூரத்துக்கு ஓடாமலேயே பணம் கட்ட வேண்டியிருக்கும். கட்டிய பணத்தை வீணாக்கக் கூடாது என்று இன்னும் இரண்டு ஊர்களைத் திட்டத்தில் சேர்க்கும் ஆசை வருவதும் இங்கேதான். பல சுற்றுலாத் திட்டங்கள் வீங்கிப்போவதன் தோற்றுவாய் இதுவே என்பது என் கணிப்பு.

இந்த வட்டாரத்தில் பேருந்து எளிதாகக் கிடைக்கிறது. 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தாராசுரம், சுவாமிமலை, நாச்சியார்கோயில் மூன்றும் நகரப் பேருந்து போகும் ஊர்கள். நான்கு பேரில் இருவர் பெண்கள் என்றால் இந்த ஊர்களுக்கான பேருந்துச் செலவு பாதியாகிறது. பேருந்தில் ஏறும் குடும்பத்துக்கு வேறொரு பயனும் உண்டு. கூடையோடு ஏறும் வெற்றிலை வியாபாரியும் பள்ளிப் பிள்ளைகளும் பக்கத்து இருக்கையில் இருக்கிறார்கள். ஊரைப் பற்றிய பேச்சு தானாகத் தொடங்குகிறது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது நடக்காது.

2.2 தங்கல்

முற்காலப் பயணிக்குத் தங்கலும் உணவும் பெரும்பாலும் அறக்கட்டளைகளின் பொறுப்பில் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழி நெடுகச் சத்திரங்களை அமைத்தார்கள். இரண்டாம் சரபோஜி காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர்பெற்றது. உணவு மட்டுமின்றி, நோயுற்ற வழிப்போக்கருக்கு மருத்துவமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் இத்தகைய சத்திரங்களில் கிடைத்தன. இன்று அந்தப் பாரம் முழுவதும் பயணியின் பணப்பையில் விழுந்திருக்கிறது. ஆகவே தங்கும் இரவுகளைக் குறைப்பதும், குறைத்த இரவுகளைச் சரியாகக் கணக்கிடுவதும் திட்டத்தின் முதல் வேலை.

சென்னை எழும்பூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் உழவன் எக்ஸ்பிரஸ் மெயின் லைன் வழியாக இரவில் ஓடுகிறது. கும்பகோணத்தில் விடியலை ஒட்டி இறங்கலாம். போகும் இரவும் வரும் இரவும் ரயிலில் கழிவதால் விடுதியில் தங்குவது இரண்டே இரவுகள். இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. நண்பகல் 12 மணிக்கு நாள் முடியும் விடுதியில் அதிகாலை ஐந்துக்கு நுழைந்தால், அந்த ஏழு மணி நேரமே ஒரு நாள் வாடகையாகிவிடும். கும்பகோணம் போன்ற ஊர்களில் 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜுகள் உண்டு. வெள்ளி அதிகாலை ஐந்துக்கு நுழைந்து ஞாயிறு அதிகாலை ஐந்துக்குக் காலி செய்தால் சரியாக இரண்டு நாள் வாடகை. அறையின் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். முகூர்த்த நாள்களில் திருமணக் கூட்டம் அறைகளை நிரப்பிவிடும். நாள்காட்டியைப் பார்த்துத் தேதி குறிப்பது மலிவான அறை கிடைக்க நேரான வழி.

3. நினைவு எதைப் பிடித்துக்கொள்கிறது

உளவியலாளர் டேனியல் கானமன் 1990-களில் மருத்துவர் டொனால்ட் ரெடல்மையருடன் சேர்ந்து, குடல் உள்நோக்கிச் சோதனைக்கு உட்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தார். சோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அவர்களுடைய பிற்கால மதிப்பீட்டை அதிகம் பாதிக்கவில்லை. வலி உச்சத்தில் இருந்த கணமும் சோதனை முடிந்த விதமும்தான் மதிப்பீட்டைத் தீர்மானித்தன. வலியைப் பற்றிய இந்தக் கண்டுபிடிப்பை மகிழ்ச்சிக்கு அப்படியே பெயர்த்துவைப்பதில் தயக்கம் வேண்டும். ஆயினும் பயணத் திட்டத்துக்கு இதிலிருந்து இரண்டு பயன்கள் கிடைக்கின்றன.

ஒன்று, ஊர்களின் எண்ணிக்கை கூடுவதால் நினைவு கூடுவதில்லை. ஓர் உச்ச அனுபவம் உருவாக நேரம் வேண்டும், அவசரமின்மை வேண்டும். இரண்டு, கடைசி நாள் முக்கியம். பெரும்பாலான குடும்பங்கள் கடைசி நாளைப் பெட்டி கட்டுவதிலும் சாலையிலும் தொலைத்துவிடுகின்றன. நம் திட்டத்தில் மிகச் சிறந்த இடத்தை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறோம்.

4. மூன்று பகல்கள்

4.1 வெள்ளி: தாராசுரமும் சுவாமிமலையும்

தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் அதனுடன் சேர்க்கப்பட்டன. மூன்றிலும் வழிபாடு நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்து பெரும்பொருள் செலவழித்து மக்கள் காண வரும் மூன்று கலைச் செல்வங்கள் பேருந்துக் கட்டணத்தில் நமக்குக் கிடைக்கின்றன. இதை நம்மவர்கள் போதுமான அளவு உணர்ந்திருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுத்த தாராசுரம் கோயில் அளவில் மற்ற இரண்டையும் விடச் சிறியது. ஆனால் நின்று பார்க்க அதிக நேரம் கேட்பது இதுதான். தேர்ச்சக்கரமும் குதிரையும் பூட்டிய மண்டபம், ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பம், நாயன்மார் வரலாறுகளைச் சொல்லும் சாண் உயரச் சிற்ப வரிசை என்று கண்ணுக்கு வேலை முடிவதில்லை. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இம்மன்னனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். நூல் எழுந்த அடுத்த தலைமுறையிலேயே அதன் கதைகள் கல்லில் ஏறிவிட்டன. பிள்ளைகளிடம் ஒரு நாயனாரின் கதையை முந்தைய வாரமே சொல்லி, அந்தச் சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும். அந்தக் கதையும் அவர்களுக்கு மறக்காது.

நடுப்பகலில் பெரும்பாலான கோயில்களில் நான்கு மணி வரை நடை சாத்தியிருக்கும். அந்த இடைவேளையில் அறைக்குத் திரும்பி உறங்கலாம். ஒரே ஊரில் தங்குவதன் அருமை அப்போது விளங்கும். மாலையில் சுவாமிமலை. கோயிலுக்குப் போகுமுன் சிற்பிகளின் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு நுழைய வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுடுகிறார்கள். மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால் ஓர் அச்சிலிருந்து ஒரு சிலைக்கு மேல் கிடையாது. சோழர் கால வார்ப்பு முறையின் தொடர்ச்சியை இவ்வளவு அருகில் நின்று பார்க்க எந்த அருங்காட்சியகத்திலும் முடியாது.

4.2 சனி: கொள்ளிடம் தாண்டி

காலையில் அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணை 1836-இல் ஆர்தர் காட்டன் பொறுப்பில் கட்டப்பட்டது. ஆற்றின் அகலத்தை அங்கே கண்ணால் அளந்துகொண்டால், படுகையின் வரலாறு முழுவதும் ஏன் நீரைச் சுற்றியே நடந்தது என்பது புரியும். இராசேந்திரன் தலைநகராக அமைத்த ஊரில் இன்று எஞ்சியிருப்பது கோயில்தான். புல்வெளியில் உட்கார இடம் உண்டு; கையில் கட்டுச்சோறு இருந்தால் அவசரமில்லை. மாலையில் நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகள், அல்லது பிள்ளைகள் களைத்திருந்தால் மகாமகக் குளக்கரையில் ஒரு நடை.

தரங்கம்பாடியையும் சேர்க்கலாமே என்ற எண்ணம் எழும். டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், மதபோதகர் சீகன்பால்க் 1706-இல் வந்திறங்கிய கடற்கரையும் பார்க்க வேண்டியவையே. ஆனால் மயிலாடுதுறையில் மாறி அங்கே போய் வர ஒரு பகல் முழுவதும் கரைந்துவிடும். அதை இன்னொரு பயணத்துக்கு விட்டுவைப்பதே நல்லது.

4.3 ஞாயிறு: தஞ்சாவூர்

அதிகாலையில் அறையைக் காலி செய்து ரயிலிலோ பேருந்திலோ தஞ்சாவூர். ரயில் நிலையப் பொருள் காப்பறையில் பயணச் சீட்டைக் காட்டி, பூட்டிய பெட்டிகளை ஒப்படைத்துவிடலாம். பூட்டில்லாத பையை வாங்கமாட்டார்கள். பகலில் அரண்மனை வளாகமும் சரஸ்வதி மகால் நூலகக் காட்சிக்கூடமும். வெயில் சாய்ந்த பிறகே பெரிய கோயிலுக்குப் போக வேண்டும். 1010-இல் நிறைவெய்திய விமானத்தின் மீது மாலை வெளிச்சம் நிறம் மாறுவதை வெளிச்சுற்றில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இரவு தஞ்சையிலேயே ரயில் ஏறலாம். பயணம் தன் உச்சத்திலேயே முடிகிறது.

5. காலத் தேர்வு

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. நீர்வரத்தைப் பொறுத்து இது மாறும். கோடை விடுமுறையில் போகும் குடும்பம் காவிரியைப் பெரும்பாலும் மணலாகவே பார்த்துத் திரும்புகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகஸ்ட், செப்டம்பர் வார இறுதிகளும் பொங்கலுக்குப் பிந்தைய ஜனவரியும் ஏற்றவை. பின்னதில் இன்னொரு கொடை உண்டு. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும். பெங்களூர் நாகரத்தினம்மாள் எழுப்பிய சமாதியின் முன், பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுவதைக் கேட்கக் கட்டணம் ஏதும் இல்லை.

6. முன்தயாரிப்பு

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பழைய நினைப்பில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 60-ஆம் நாளே எடுத்தால் தூங்கும் வசதிப் பெட்டியில் நான்கு இடமும் சேர்ந்து கிடைக்க வாய்ப்பு உண்டு. தவறினால் தட்கல், அதற்குக் கூடுதல் கட்டணம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தொடர்கிறது. பாட்டி தாத்தாவை அழைத்துச் செல்பவர்கள் அதைத் தேர்ந்து பதிய வேண்டும்.

படிப்பும் தயாரிப்பில் சேர்த்தி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்', கும்பகோணம் கல்லூரியில் 1880-இல் ஆசிரியரான உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', தி.ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' மூன்றும் நூலகத்தில் கிடைப்பவை. ஒவ்வொன்றிலிருந்தும் சில பக்கங்களைப் புறப்படுமுன் வீட்டில் உரக்கப் படித்தால் போதும். பார்க்கப்போகும் ஊர் வெறும் பெயராக இருக்காது.

7. உணவு

இதில் நீட்டிப் பேச அதிகமில்லை. காலையில் இட்லி, பொங்கல், பித்தளை டபராவில் டிகிரி காப்பி. மதியம் மெஸ் சாப்பாடு. இரவு எளிய டிபன். கோயில்களின் அன்னதானத்தைச் செலவுக் குறைப்புக்கான வழியாகக் கணக்கில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. பசித்தவருக்காகவும் அடியாருக்காகவும் இடப்படும் இலை அது. உட்கார்ந்து உண்டால் இயன்றதை உண்டியலில் இட வேண்டும்.

8. சிக்கனம் கூடாத இடம்

மேற்சொன்ன முறையில் காரும் ஓர் இரவு வாடகையும் மிச்சமாகின்றன. அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைப் படுகையின் கைவினைஞர்களிடம் செலவிட வேண்டும். சுவாமிமலை வார்ப்பும் நாச்சியார்கோயில் விளக்கும் தஞ்சைத் தலையாட்டிப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. குறியீடு இருந்தும் ஆலைச் சரக்குடன் போட்டியிட்டு மெலிந்துவரும் தொழில்கள் அவை. பொம்மை ஒன்று, சிறிய விளக்கு ஒன்று போதும். செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். காருக்குக் குறைத்தோம், அறைக்குக் குறைத்தோம். பட்டறை வாசலில் மட்டும் பேரம் பேச வேண்டாம் என்று குறைந்த செலவில் பயணம் போகும் ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.